வலது ஓரத்தில் ஒரு சாண்

அந்த வட்டாரத்தில் திருப்பு அக்காவின் கைபடாமல் ஒரு கட்டிடமும் எழும்பியதில்லை. கட்டிடங்களுக்கு அது தெரியாது, கட்டியவர்களுக்கும் தெரியாது. கல்வெட்டில் பொறியாளர் பெயர் இருக்கும், திறந்துவைத்தவர் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். வரைபடத்தை எந்தப் பக்கமாகத் திருப்பி அச்சடித்தார்கள் என்பதைப் பொறித்துவைக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

அக்கா வேலை பார்த்தது ஒரு நகலகத்தில். முன்பக்கம் சான்றிதழ் நகலெடுக்க வருபவர்களின் வரிசை. பின்பக்கம் ஜன்னலில்லாத ஓர் அறை. அந்த அறையை அடைத்துக்கொண்டு பிளாட்டர், அதாவது கட்டிட வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரம். ஓர் ஆள் கைகளை அகல விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். அதன் வயிற்றில் காகித ரோல். ரோலின் அகலம் தொள்ளாயிரத்துப் பதினான்கு மில்லிமீட்டர்.

இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளவும். ஏ-ஒன் என்ற தாளின் நீண்ட பக்கம் எண்ணூற்று நாற்பத்தொன்று. அது ரோலின் குறுக்கே சுகமாகப் படுத்துவிடும். அடுத்த பெரிய தாளான ஏ-ஜீரோவின் நீண்ட பக்கம் ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது. அது குறுக்கே கொள்ளாது. படத்தைத் திருப்பி, ரோல் ஓடும் திசையில் நீளமாக விடவேண்டும். ஏ-ஒன்னைத் திருப்பினால் காகிதம் வீண். ஏ-ஜீரோவைத் திருப்பாவிட்டால் படமே வீண். இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். தவறாகச் செய்வதற்குப் பொறியாளர்களுக்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது.

திருப்பாமல் விட்டால் இயந்திரம் கத்தாது, சிவப்பு விளக்கும் எரியாது. கொள்கிற அளவுக்குப் படத்தைப் போட்டுவிட்டு, மீதி என்று ஒன்று இருந்ததையே காட்டிக்கொள்ளாது. வலது ஓரத்தில் ஒரு சாணுக்குச் சற்று மேலே காணாமல் போயிருக்கும். அந்த ஒரு சாணில்தான் படத்தின் மானமே இருக்கிறது. கம்பி எத்தனை, காங்கிரீட் என்ன தரம் என்ற குறிப்புகள் அங்கே. வரைந்தவர், சரிபார்த்தவர், கையெழுத்துக் கட்டம் எல்லாம் அங்கே. ஏற்கெனவே திருப்பி வந்த படத்தை மறதியாக இன்னொரு தடவை திருப்பினாலும் இதே கதிதான்.

அதனால்தான் அக்கா கணினித் திரையைப் பார்த்து நாளெல்லாம் "திருப்பு, திருப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். பெயர் அப்படி வந்தது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் தொலைதூர லாரி ஓட்டுநர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருப்பார், ஏழாவது நாள் இருந்தால் சண்டை வரும். பிள்ளை இல்லை. தம்பி ஒருவன் உண்டு. நாற்பத்தாறு வயது ஆளை 'அவன்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் அக்காவின் வாயில் அவன் வேறு எதுவாகவும் இருந்ததில்லை.

தம்பி படம் வரைபவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே பொறியாளர் அலுவலகத்தில் இருந்தார்கள். அவனை அங்கே சேர்த்துவிட்டதே அக்காதான். அவன் வரைவான், அவர் அச்சடிப்பார். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அலுவலகத்தில் அவர்களை யாரும் தனித்தனியாகக் கூப்பிட்டதில்லை.

அங்கே எப்போதும் ஏ-ஒன்தான். ஒருநாள் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு ஏ-ஜீரோவில் பதினான்கு படங்கள் கேட்டார்கள். தம்பி ஏ-ஒன்னுக்கு வைத்திருந்த பக்க அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு தாளின் அளவை மட்டும் மாற்றினான். சரிபார்க்கச் சின்னத் தாளில் அச்சடித்தபோது எல்லாம் சுருங்கி, ஒழுங்காகத்தான் வந்தது. அக்கா பெரிய தாளில் போட்டார். அவசரம். சூடாக வந்த தாள்களை விரித்துப் பார்க்காமல் சுருட்டி, குழாயில் போட்டு மூடினார். மறுநாள் ஏழு அதிகாரிகள் உட்கார்ந்த மேசையில் குழாய் திறக்கப்பட்டது. பதினான்கு தாளிலும் வலது ஓரம் இல்லை. யார் வரைந்த படம் என்றுகூட எழுதியிருக்கவில்லை. வேலை கைவிட்டுப் போயிற்று.

"யாரோட தப்பு இது?" என்றார் அலுவலக முதலாளி.

"ஃபைல்லயே திருப்பலை சார்," என்றார் அக்கா. "ஃபைல்ல என்ன இருக்கோ அதைத்தான் மெஷின் போடும்."

அதில் பொய் இல்லை. விரித்துப் பார்க்காமல் சுருட்டியது யார் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்காததை அக்காவும் சொல்லவில்லை. அன்று மதியமே தம்பிக்கு வேலை போயிற்று. மாடிப்படியில் அக்கா பின்னாலேயே ஓடினார்.

"நீ அக்காவா பேசினியா, மெஷினா பேசினியா?" என்றான் தம்பி.

"டேய், நடந்ததைத்தானே சொன்னேன்."

"என் ஃபைல் சரியாத்தான் இருந்துச்சு. நீ எதையோ மாத்தி அமுக்கியிருக்கே. தப்பு உன்னோடதுன்னு என்னிக்கு உன் வாயால ஒத்துக்கிறியோ, அன்னிக்கு என் வாசலுக்கு வா."

அதோடு பேச்சு நின்றது. அக்கா ஒரு மாதத்தில் அந்த வேலையை விட்டு இந்த நகலகத்துக்கு வந்தார். தம்பி நாலு தெரு தள்ளி வேறு அலுவலகத்தில் சேர்ந்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏ-ஜீரோ போடுகிற இயந்திரம் ஒன்றுதான். ஆகவே தம்பியின் அலுவலகப் படங்கள் அக்காவின் கணினிக்கே வர ஆரம்பித்தன. விசாரிப்பும் இருக்காது, கையொப்பமும் இருக்காது. 'ஏ-ஜீரோ. மூன்று பிரதி.' அவ்வளவுதான் கடிதம்.

முதல் கோப்பைத் திறந்ததும் அக்கா அசந்துபோனார். திருப்பாமல் வந்திருந்தது. அன்று தொட்டிப் படம் எப்படி வந்ததோ அச்சு அசல் அப்படியே. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும்.

மற்ற வாடிக்கையாளர் யாராவது இப்படி அனுப்பினால் அக்கா கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார், கூடவே 'பக்க அமைப்பைப் படித்துப் பார்க்கவும்' என்று ஒரு குட்டும் வைப்பார். பெரிய பெரிய பொறியாளர்கள் அந்தக் குட்டை வாங்கியிருக்கிறார்கள். தம்பியின் கோப்பு மட்டும் திரும்பிப் போனதே இல்லை. அக்கா தானே திருப்பிப் போட்டு, தாளைத் தரையில் விரித்து நாலு ஓரத்தையும் பார்த்து, பிறகுதான் சுருட்டுவார்.

நகலகத்தின் சொந்தக்காரருக்கு டோனர் அண்ணன் என்று பெயர். அவர் சட்டைப் பையைப் பார்த்தால் ஏன் என்று தெரிந்துவிடும், நகல் இயந்திரத்தின் மைத்தூளில் கறுப்பாக அஞ்சு விரலும் பதிந்திருக்கும். அவர் ஒருநாள் கேட்டார்.

"உன் தம்பி படம் இன்னிக்கும் குறுக்கே படுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா?"

"ஆமாண்ணே."

"மத்தவனை எல்லாம் கிழி கிழின்னு கிழிக்கிறே. இவனுக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டியதுதானே, திருப்பி அனுப்புடான்னு?"

"நாங்க பேசிக்கிறதில்லை."

"பேச வேண்டாம்மா. மெயில்தானே?"

அக்கா கொஞ்ச நேரம் ரோலின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "எழுதிப் போட்டு, அவன் அடுத்த தடவை சரியா அனுப்பிட்டான்னா?"

டோனர் அண்ணனுக்கு அது புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்காவின் கணக்கு இதுதான். இருபது வருடம் படம் வரைந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? வேண்டுமென்றேதான் அனுப்புகிறான். வீம்பில் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் 'நீ பார்த்துக்குவேன்னு எனக்குத் தெரியும்' என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பானே, அக்கா குனிந்து மாற்றிவிடட்டும் என்று, அது மாதிரி. இப்படி நினைத்துக்கொள்ள அக்காவுக்கு யாருடைய சாட்சியும் தேவைப்படவில்லை. பதினோரு வருடம், ஆயிரத்துச் சில்லறைப் படங்கள். தம்பியின் கோப்பு வந்தால் திரையில் படத்தைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். பெயரைப் பார்த்ததும் கை தானாகப் போய்த் திருப்பிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தம்பியின் முகவரியிலிருந்து மூன்று தாள் வந்தது. அக்கா திருப்பினார், அச்சடித்தார், தரையில் விரித்தார். வலது ஓரம் இல்லை.

கீழே உட்கார்ந்துவிட்டார். டோனர் அண்ணன் ஓடிவந்தார். "என்னம்மா, மெஷின் போச்சா?"

"மெஷின் நல்லா இருக்குண்ணே. ஃபைல் சரியா வந்திருக்கு."

"சரியா வந்தா நல்லதுதானே? இதுக்கு எதுக்கு இப்படி உக்காந்துட்டே?"

அக்கா எழுந்து, திருப்பாமல் மறுபடி போட்டார். இந்தத் தடவை வலது ஓரம் முழுசாக வந்தது. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் தம்பி பெயரின் முதலெழுத்துகள் இல்லை. வேறு யாருடையவோ இருந்தன. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"சார் ரெண்டு மாசமா வீட்டுல இருந்துதான் வேலை பார்த்தாரு மேடம். நுரையீரல்ல பிரச்சினை. போன வாரத்துல இருந்து அதுவும் முடியலை. இப்போ நான்தான் பார்க்கிறேன். ஷீட்ல ஏதாவது தப்பா?"

"இல்லைம்மா. சரியா இருக்கு."

"அப்பாடா. சார் செட்டிங்கை யாரையும் தொடவிட மாட்டாரு. எனக்கு அது தப்பாத் தெரிஞ்சுது, நானே மாத்திட்டேன். தெரிஞ்சா என்னைத் திட்டியே கொன்னுடுவாரு."

தொடவிட மாட்டானாம். அக்காவுக்கு அழுகையோடு ஒரு சிரிப்பும் வந்தது. சரிதானே, தான் நினைத்தபடியேதானே!

தம்பி வீடு இரண்டாவது மாடி. மறுநாள் காலை கதவைத் திறந்தது தம்பி மனைவி. "வாங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு, கதவிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் தம்பி தலையணைகளில் சாய்ந்திருந்தான். மூக்கில் குழாய், பக்கத்தில் புஸ் புஸ் என்று ஒரு பெட்டி. தோள்பட்டை எலும்பு பனியனுக்கு வெளியே தெரிந்தது.

"யாரு?" என்றான் பார்த்துக்கொண்டே.

"உங்க அக்கா."

"எந்த அக்கா?"

"டஜன் கணக்கா வெச்சிருக்கீங்களாக்கும். ஒரே அக்காதான்."

"நாற்காலியில துணி கெடக்கு. எடுத்துட்டு உக்காரச் சொல்லு. டீ குடிப்பாங்களான்னு கேளு."

"குடிப்பேன்னு சொல்லும்மா," என்றார் அக்கா.

"நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மைக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

தம்பிதான் ஆரம்பித்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது.

"உன் கடையிலதானே என் படமெல்லாம் போட்டீங்க?"

"ஆமா."

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"அதுல ஒரு ஷீட். ஒரே ஒரு ஷீட். ஓரம் வெட்டுப்பட்டு வந்திருக்கா?"

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தார். இதோ, விளையாட்டை அவனே உடைக்கப்போகிறான். இத்தனை வருடம் காத்திருந்த கண் சிமிட்டல் வரப்போகிறது. முகத்தைப் பார்த்தார். சிமிட்டல் வரவில்லை.

"இல்லைடா. ஒண்ணுகூட வெட்டுப்படலை."

"படாது. ஏன்னா அன்னிக்குத் தொட்டிக்குப் போட்ட அதே செட்டிங். ஒரு புள்ளி மாத்தலை நான். எவனையும் மாத்தவிடலை. தப்பா இருந்தா இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது காட்டிக் குடுத்திருக்காதா?" தம்பி கையை ஊன்றி நிமிர்ந்தான். "ஒவ்வொரு ஷீட் வந்ததும் முதல்ல வலது ஓரத்தைத்தான் பார்ப்பேன். முழுசா இருக்கும். அன்னிக்கும் என் ஃபைல் சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுக்குவேன். அப்போ அன்னிக்குத் தப்பு யாரோடது? நான் சொல்லலை. நீ சொல்லு."

பதினோரு வருடம் யாரும் யாருக்கும் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. அவன் அனுப்பியது ஒரு சவால். அக்கா ஒவ்வொரு முறையும் திருப்பி, ஓரம் பார்த்து, பத்திரமாகச் சுருட்டி அனுப்பியது தனக்கு எதிரான சாட்சியம். ஆயிரத்துச் சில்லறைச் சாட்சியங்கள். எல்லாவற்றையும் கவிழ்க்க ஒரே வாக்கியம் போதும். 'அத்தனையையும் நான்தான்டா திருப்பினேன்.' அது அக்காவின் தொண்டை வரை வந்தது. மூன்று விநாடியில் உண்மையைச் சொல்லிவிடக்கூடியவர்தான் அவர். முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

தம்பி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"என்னோடதுதான்," என்றார் அக்கா.

"முழுசா சொல்லு."

"தப்பு என்னோடதுதான்டா. விரிச்சுப் பார்க்காமச் சுருட்டிட்டேன்."

"அது கெடக்கட்டும். மெஷின்ல என்ன பண்ணினே, அதைச் சொல்லு."

பெட்டி நாலைந்து தடவை புஸ் என்றது.

"மாத்தி அமுக்கிட்டேன்."

தம்பி அப்படியே தலையணையில் சாய்ந்தான். "ஏய்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். குரல் பாதிதான் வந்தது. "கேட்டியா? ஒத்துக்கிட்டா. எங்க அக்கா ஒத்துக்கிட்டா." பிறகு கண்ணைத் துடைக்கத் தெம்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பே, அக்கா?" என்றான்.

'அக்கா' என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் அக்காவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் அந்த இளம்பெண்ணுக்குப் போன் செய்தார். "செட்டிங் மாத்தினியே, அதை உங்க சார்கிட்ட சொல்லிடாதேம்மா." "சத்தியமா சொல்ல மாட்டேன் மேடம், எனக்கே பயம்," என்றாள் அவள். அவள் பயந்தது வேறு காரணத்துக்காக. அதனால் என்ன, காரியம் ஆயிற்று.

ஒன்பது நாள் கிடைத்தது. ஒன்பது நாளும் மதியம் அக்கா போனார். தம்பி கொஞ்சம் பேசுவான், கொஞ்சம் தூங்குவான். லாரிக்கார மாமா இன்னும் அப்படியே இருக்கிறாரா என்று கேட்டான். மாடிப்படியில் கத்தியதற்கு ஒருநாள் மன்னிப்புக் கேட்டான். கத்தினது சரிதான், ஆனாலும் அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க வேண்டாம் என்றான். அக்கா கஞ்சியை ஆற்றி ஊட்டினார். அவன் இரண்டு வாய் வாங்கி, மூன்றாவதுக்கு வாயைத் திறக்காமல் சிரித்தான். பத்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான்.

கீழே வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அலுவலகத்திலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அந்த இளம்பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். டோனர் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், அன்றைக்குப் பார்த்து வெளுத்த சட்டை. தம்பி மனைவி வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குச் சொல்ல இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

"கடைசியில அண்ணி வந்து, தப்பு என்னோடதுதான்னு ஒத்துக்கிட்டாங்க. அப்புறம்தான் அவருக்கு நிம்மதி. அதுக்குத்தான் உசிரைப் பிடிச்சு வெச்சிருந்தாரு."

சித்தி ஒருவர் இதைக் கேட்டதும் எழுந்து நேரே அக்காவிடம் வந்தார். "ஏம்மா, ஒத்துக்கிறதுக்கு உனக்குப் பதினோரு வருஷமா? வேலை போய், ரெண்டு மாசம் அவன் வீட்டுல உக்காந்திருந்தானே, அப்பவே வாயைத் திறந்திருக்கக் கூடாதா? கூடப் பொறந்தவதானே நீ?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டோனர் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்தார். "அம்மா, ஒரு நிமிஷம். விஷயம் தெரியாமப் பேசாதீங்க. எங்க கடையில நான் என் கண்ணால பார்த்தேன்..."

"அண்ணே," என்றார் அக்கா. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உள்ளே இருக்கிறவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு வாங்க."

அவர் தட்டோடு நின்றார். கோப்பைகள் தளும்பின.

"போங்கண்ணே."

அவர் போனார். சித்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இன்னும் பதிலுக்காக நின்றார்.

"ஆமா சித்தி," என்றார் அக்கா. "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."